வல்தேஸ் என்றாலே அஸ்தூரியப் பிரபு வம்சமா?

#1 குறிப்புத்தாள்

கியூப இசைக் கலைஞர்கள் பற்றிய தமிழ்க் கட்டுரை ஒன்றின் அடிக்குறிப்பில் இப்படி ஒரு வரி இருக்கிறது: "வல்தேஸ் என்பது வட ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியைச் சேர்ந்த பிரபு குடும்பத்தின் பெயர். பேபோ வல்தேஸ், சூச்சோ வல்தேஸ் ஆகியோர் அந்த வம்சத்தில் வந்தவர்கள்." முதல் பாதி சரி என்றே படுகிறது. இரண்டாம் பாதிக்கு எங்கும் ஆதாரம் கிடைக்கவில்லை.

கேட்க வேண்டியவை: கியூபாவில் இந்தப் பெயர் ஏன் இவ்வளவு அதிகம்? எழுத்துக்கூட்டல் சில இடங்களில் எஸ் என்றும் சில இடங்களில் இசட் என்றும் முடிகிறதே, இரண்டும் ஒன்றா? தமிழில் வால்டெஸ், வல்தேஸ், வால்டீஸ் என்று மூன்று விதமாக எழுதுகிறார்கள், எது சரி?

#2 சுவடிக்கண்

அந்த இரண்டாம் பாதியை இப்போதே எடுத்துவிடுங்கள். கியூபாவில் வல்தேஸ் என்ற பெயரைப் பார்த்ததும் முதலில் நினைவுக்கு வர வேண்டியது பிரபு மாளிகை இல்லை, ஹவானாவின் குழந்தைகள் இல்லம்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியூபாவின் ஆயராக இருந்தவர் ஹெரோனிமோ வல்தேஸ். 1729ல் ஹவானாவிலேயே இறந்தார். பெற்றோர் விட்டுச் சென்ற குழந்தைகளுக்காக அவர் தொடங்கியதுதான் காசா கூனா. சொல்லுக்குச் சொல் பார்த்தால் "தொட்டில் வீடு". அங்கே சேர்ந்த குழந்தைகளுக்கெல்லாம் ஆயரின் குடும்பப்பெயரே போடப்பட்டது. அவர் இறந்த பிறகும், அந்த இல்லம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பெரிய அறநிலையம் ஒன்றோடு இணைக்கப்பட்ட பிறகும் வழக்கம் நிற்கவில்லை. ஆக, ஒருவருக்கொருவர் ரத்த உறவே இல்லாத பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஒரே பெயரோடு வெளியே வந்தார்கள். அவர்களுக்குப் பிறந்தவர்களும் அதே பெயரைத் தொடர்ந்தார்கள்.

குழந்தையை விட வருபவர் யார் என்று தெரியாமலிருக்க ஸ்பானிய உலகில் இருந்த ஏற்பாட்டுக்குத் தோர்னோ என்று பெயர். சுவரில் சன்னல் அளவு திறப்பு. அதற்குள் செங்குத்தான அச்சில் சுழலும் மர உருளை. ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும். தெருவில் நிற்பவர் குழந்தையை அதில் கிடத்தி உருளையைத் திருப்பினால் திறந்த பக்கம் உள்ளே போய்விடும், தெருப்பக்கம் வெறும் மரப்பலகைதான் தெரியும். மணி அடித்ததும் உள்ளிருப்பவர் வந்து எடுத்துக்கொள்வார். இரண்டு பேரும் முகம் பார்த்துக்கொள்ள வழியே இல்லை. சில குழந்தைகளோடு துண்டுச்சீட்டு இருக்கும்: என்ன பெயர் வைக்க வேண்டும், ஞானஸ்நானம் ஆயிற்றா இல்லையா என்று. பின்னாளில் அடையாளம் காட்டி மீட்க ஒரு நாடாத் துண்டோ பாதி பதக்கமோ வைப்பவர்களும் உண்டு.

இவர்களை அநாதைகள் என்று மொழிபெயர்க்காதீர்கள். பலருக்குத் தாயும் தந்தையும் அதே ஊரிலேயே உயிரோடு இருந்தார்கள். "விடப்பட்ட குழந்தை" என்பதே பொருந்தும்.

#3 மரபுவேர்

சுவடிக்கண் சொன்னது சரி. ஆனால் இதை ஒரு விதியாகவே ஆக்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது. கியூபாவின் வல்தேஸ் எல்லோருமே காசா கூனா வழி என்று எழுதினால் அதுவும் அதே தவறுதான், திசை மட்டும் வேறு.

ஆயருக்கு ஒரு நூற்றாண்டு முன்பே கியூபாவில் வல்தேஸ் இருந்தார். 1588ல் இங்கிலாந்தின்மீது ஸ்பெயின் அனுப்பிய ஆர்மடா கப்பற்படையில் "நுவெஸ்த்ரா சென்யோரா தெல் ரொசாரியோ" கப்பலோடு ஆங்கிலத் தளபதி டிரேக்கிடம் சரணடைந்த பெத்ரோ தெ வல்தேஸ், சில ஆண்டுகள் இங்கிலாந்தில் சிறையிருந்து மீண்டு, 1602 முதல் 1608 வரை கியூபாவின் ஆளுநராக இருந்தார். பிறகு 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அஸ்தூரியாஸிலிருந்து ஏராளமானோர் பிழைப்புத் தேடிக் கியூபா போனார்கள். அவர்களிலும் வல்தேஸ்கள் உண்டு. மூன்றாவது வழி அடிமைமுறை. அடிமைகளுக்கு எசமானரின் குடும்பப்பெயரைப் போடுவது வழக்கம். கியூபாவில் அடிமைமுறை முற்றிலும் முடிந்தது 1886ல். நான்காவது, தாய்வழியாக வந்த பெயர்.

எனவே ஒரு குறிப்பிட்ட கலைஞரின் பெயரை மட்டும் வைத்து "பிரபு வழி" என்றோ "இல்லத்து வழி" என்றோ எழுதவே கூடாது. பேபோ 1918ல் கிவிகானில் பிறந்தார், மகன் சூச்சோ 1941ல் அதே ஊரில் பிறந்தார். அடிக்குறிப்புக்கு அது போதும்.

#4 பிழைதிருத்தி

எழுத்துக்கூட்டல் கேள்விக்கு வருகிறேன். இதில் பிழை செய்யாதவர்கள் குறைவு.

பேரேஸ், லோப்பேஸ், கொன்சாலேஸ் போன்ற பெயர்கள் இசட்டில் முடிவது தந்தைப் பெயர் விகுதி. பேரோவின் மகன் பேரேஸ். வல்தேஸ் அந்த வகையே அல்ல. வல்தோ என்று ஒரு தந்தையைத் தேடினால் கிடைக்க மாட்டார். இது இடப்பெயர், முன்பாதியில் இருப்பது பள்ளத்தாக்கைக் குறிக்கும் "வல்". பின்பாதியை எஸ்வா ஆற்றோடு இணைத்துச் சொல்வது வழக்கம். மேற்கு அஸ்தூரியாஸில் வல்தேஸ் என்றே ஒரு நகராட்சி இன்றும் இருக்கிறது, தலைமையூர் லுவார்கா. எஸ்வா அதன் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது.

அப்படியானால் இசட் எங்கிருந்து வந்தது? அமெரிக்கக் கண்டத்து ஸ்பானிய மொழியிலும் அந்தலூசியாவின் பெரும்பகுதியிலும் எஸ், இசட் இரண்டுக்கும் ஒரே ஒலி. காதில் விழுந்ததை எழுதிய எழுத்தர், பேரேஸ் லோப்பேஸ் வரிசையில் இதையும் சேர்த்து இசட் போட்டுவிட்டார். முதல் எழுத்திலும் இதே கதை: வி, பி இரண்டும் ஸ்பானிய மொழியில் ஒரே ஒலிதான். பழைய கையெழுத்துப் பதிவுகளில் பல்தேஸ் என்று பி போட்டும் வரும். மொத்தம் நான்கு வடிவங்கள்.

உயிரெழுத்தின் மேல் போடும் சாய்கோடான உச்சிக்குறி விஷயத்தைத் தமிழ்க் கட்டுரைகளில் மேற்கோள் காட்டுபவர்கள் கவனிக்க வேண்டும். எஸ்ஸில் முடியும் சொல்லில் கடைசி அசை அழுத்தம் பெற்றால் குறி கட்டாயம். இசட்டில் முடிந்தால் கடைசி அசைக்கு அழுத்தம் தானாகவே வந்துவிடும், குறி தேவையில்லை. ஆகவே எஸ் என்றால் குறியோடு, இசட் என்றால் குறியின்றி. இசட்டும் போட்டுக் குறியும் போட்டால் அது பிழை. இணையத்தில் அந்த வடிவமும் காணப்படுகிறது.

தமிழில் வல்தேஸ் என்று எழுதலாம். ஸ்பானிய மொழியின் டி பல்லொலி, நம் த போல. ட போட்டால் ஆங்கில வழி உச்சரிப்பு வந்துவிடும். முதல் எழுத்தை ஒலிப்படி எழுதினால் ப வரவேண்டும், ஆனால் நம் வாசகர் சொல்முதல் பகரத்தை வல்லொலியாகப் படிப்பார். ஆகவே வகரமே மேல். அலாஸ்காவின் ஊருக்கு மட்டும் வால்டீஸ் என்று எழுதுங்கள், அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

#5 நெய்தல்திசை

அலாஸ்கா வந்ததால் கடல் பக்கத்தையும் சேர்த்துவிடலாம். வரைபடத்தில் மூன்று வல்தேஸ் இருக்கின்றன, மூன்றும் ஒரே ஆளைக் குறிப்பவை அல்ல.

அலாஸ்காத் துறைமுகத்துக்கு 1790ல் பெயர் வைத்தவர் சல்வதோர் ஃபிதால்கோ. அர்ஹெந்தீனாவில், திமிங்கலங்களுக்குப் பெயர்பெற்ற வல்தேஸ் தீபகற்பம். இந்த இரண்டும் அன்றைய ஸ்பானியக் கடற்படை அமைச்சர் அந்தோனியோ வல்தேஸ் இ ஃபெர்னாந்தேஸ் பசானை ஒட்டியவை. 1785ல் மூன்றாம் கார்லோஸ் மன்னர் முன் கடற்படைக் கொடி மாதிரிகளை வைத்தவரும் இவரே. மன்னர் தேர்ந்தெடுத்த சிவப்பு-மஞ்சள்-சிவப்புதான் இன்றைய ஸ்பெயின் கொடியின் அடிப்படை.

மூன்றாவது, கனடாவின் மேற்குக் கரையில் வான்கூவர் தீவுக்கு அருகிலுள்ள வல்தேஸ் தீவு. இது அமைச்சரின் பெயரல்ல, அவர் உறவினர் கயெத்தானோ வல்தேஸின் பெயர். 1792ல் "மெஹிகானா" என்ற சிறு கப்பலில் அந்தக் கரையை அளந்தவர். 1805ல் டிரஃபல்கார் போரில் "நெப்துனோ" கப்பலின் தலைவர். இந்த இருவரையும் ஒருவராக எழுதிய தமிழ்ப் பயணக் கட்டுரைகள் உண்டு.

1989 மார்ச் 24ல் பிளை பாறைத்திட்டில் மோதி ஏறத்தாழ 1.1 கோடி காலன் கச்சா எண்ணெயைக் கடலில் கொட்டிய எக்ஸான் வால்டீஸ் கப்பலுக்கு அந்தத் துறைமுகத்தின் பெயர். உலகின் பெரும்பகுதிக்கு இந்தப் பெயர் எண்ணெய் படிந்த கடற்பறவைகளோடுதான் நினைவில் நிற்கிறது. லுவார்கா மீனவர் ஊரிலிருந்து அங்கே வரைக்கும் வந்த பாதையை நினைத்தால் மனம் கனக்கிறது.

#6 குறிப்புத்தாள்

மிக்க நன்றி. இன்னொரு சிக்கல். "ஹெரோனிமோ வல்தேஸ் கியூபாவின் ஆளுநர், 1842ல் அடிமைகளுக்கான விதிமுறை வெளியிட்டவர்" என்று ஒரு நூலில் இருக்கிறது. ஆயர் 1729லேயே இறந்துவிட்டார் என்றால்?

#7 சுவடிக்கண்

இருவர். ஆயர் ஒருவர். 1841 முதல் 1843 வரை கியூபாவின் தலைமை ஆளுநராக இருந்த படைத்தலைவர் இன்னொருவர், அவரும் அஸ்தூரியாஸ்காரர். 1842 விதிமுறை இரண்டாமவருடையது. பதவியை எப்போதும் பெயரோடு சேர்த்து எழுதுங்கள், குழப்பம் தீரும்.

அந்த ஆளுநருக்குப் பின் வந்தவர் ஓ'டொனெல். அவர் காலத்தில்தான் "ஏணிச் சதி" என்ற பெயரில் கறுப்பின மக்கள்மீது கொடிய அடக்குமுறை நடந்தது. பிடித்தவர்களை ஏணியில் கட்டிச் சாட்டையால் அடித்ததால் வந்த பெயர். அதில் 1844 ஜூன் 28ல் மத்தான்சாஸில் சுட்டுக் கொல்லப்பட்ட கவிஞர் ப்ளாசிதோவின் முழுப்பெயர் கப்ரியேல் தெ லா கொன்செப்சியோன் வல்தேஸ். 1809ல் பிறந்து காசா கூனாவில் விடப்பட்டவர். தாய் ஸ்பானிய நடனக்காரி, தந்தை கலப்பினத்து முடிதிருத்துநர்.

இங்கேதான் பெயரின் கனமான பக்கம் இருக்கிறது. 1794ல் நான்காம் கார்லோஸ் ஓர் அரசாணை போட்டார்: பெற்றோர் தெரியாத, விடப்பட்ட குழந்தைகளைச் சட்டத்தின் முன் முறைப்படி பிறந்தவர்களாகவே கொள்ள வேண்டும், அவர்களை இழிபெயர் சொல்லி அழைப்பது தண்டனைக்குரியது. நிறத்தின்படி பதிவேடுகளே தனித்தனியாக இருந்த கியூபாவில் இதற்குக் கூடுதல் பொருள் வந்தது. பெற்றோர் தெரியாத பிள்ளையை வெள்ளையராகக் கொள்ளும் வாய்ப்பு பிறந்தது. தன் குழந்தைக்கு அந்த வாசலாவது திறக்கட்டும் என்று சுழல்பெட்டியை நாடிய கலப்பினத் தாய்மார்கள் இருந்தார்கள். சிரிலோ வில்யாவெர்தேயின் "செசிலியா வல்தேஸ்" நாவல், அதன் முழு வடிவம் 1882ல் வந்தது, நிற்பது இந்த நடைமுறைமீதுதான். கதைத் தலைப்பில் குடும்பப்பெயர் இருப்பதன் காரணம் அன்றைய ஹவானா வாசகருக்கு விளக்காமலே புரிந்திருக்கும். தமிழ் வாசகருக்கு ஓர் அடிக்குறிப்பு வேண்டும்.

#8 மரபுவேர்

ஸ்பெயினிலேயே விடப்பட்ட குழந்தைகளுக்குப் போட்ட பெயர்களோடு ஒப்பிட்டால் ஆயர் செய்ததன் அருமை தெரியும். மிகப் பரவலானது எக்ஸ்போசிதோ. பொருளே "வெளியே வைக்கப்பட்டவர்". வாழ்நாள் முழுக்க முதுகில் ஒட்டிய சீட்டு அது. சரகோசாவில் கிராசியா மாதா மருத்துவமனையை ஒட்டி கிராசியா, பம்ப்லோனாவில் மருத்துவமனை நிறுவனரின் பெயரால் கோன்யி. எக்ஸ்போசிதோவையும் அதுபோல் பிறப்பைக் காட்டிக்கொடுக்கும் பெயர்களையும் மாற்றிக்கொள்ள ஸ்பெயினின் 1957 குடிமைப் பதிவுச் சட்டம் தனியாகவே வழி வைத்தது.

வல்தேஸ் அப்படி இல்லை. உண்மையான குடும்பப்பெயர், மதிப்புள்ளதும்கூட. ஹவானாவை விட்டு வெளியே போனால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஹவானாவுக்குள் மட்டும், எல்லோருக்கும் கொடுத்துக் கொடுத்தே அது அடையாளமாகிவிட்டது.

#9 நெய்தல்திசை

இணையக் கடைகளில் "வல்தேஸ் குடும்பச் சின்னம்" என்று சட்டம் போட்டு விற்கிறார்களே, அதைக் கட்டுரையில் படமாகப் போடலாமா?

#10 பிழைதிருத்தி

வேண்டாம். சின்னம் வழங்கப்பட்டது குறிப்பிட்ட கிளைகளுக்கு, பெயருக்கு அல்ல. ஒரே பெயருள்ளவர்கள் ஒரே குடும்பம் ஆகாததற்கு ஸ்பெயினுக்குள்ளேயே நல்ல சான்று இருக்கிறது. சாலாஸில் 1483ல் பிறந்த ஃபெர்னாந்தோ தெ வல்தேஸ் 1547 முதல் 1566 வரை தலைமை விசாரணை அதிகாரி. சமய மறுப்பாளர்களை விசாரித்துத் தண்டித்த இன்குவிசிஷன் முழுவதும் அவர் கையில். அவர் விட்டுச்சென்ற சொத்தில்தான் 1608ல் ஒவியேதோ பல்கலைக்கழகம் திறந்தது. குவென்காவில் பிறந்த ஹுவான் தெ வல்தேஸ் நேர்மாறான ஆள். யூதராயிருந்து மதம் மாறியவர்களின் மரபு, சமயச் சீர்திருத்தச் சிந்தனையாளர், 1541ல் நேப்பிள்ஸில் இறந்தார். அவருடைய கிறிஸ்தவ போதனை நூல், ஃபெர்னாந்தோ 1559ல் வெளியிட்ட தடைநூல் பட்டியலில் இடம்பெற்றது. தடுத்தவரும் வல்தேஸ், தடுக்கப்பட்டவரும் வல்தேஸ்.

பெயரைப் பட்டியலிடும்போது வரும் பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பானியப் பெயரில் முதலில் தந்தையின் முதல் குடும்பப்பெயர், அடுத்து தாயின் முதல் குடும்பப்பெயர். அகரவரிசை முதலாவதை வைத்துத்தான். கவிஞர் ஹுவான் மெலேந்தேஸ் வல்தேஸை மெ வரிசையில் வைக்க வேண்டும், வ வரிசையில் அல்ல. செவில்யா ஓவியர் ஹுவான் தெ வல்தேஸ் லெயால் (1622–1690) வ வரிசை. இவர் இன்னும் நுணுக்கமானவர்: தந்தையின் பெயர் நீசா, போர்த்துக்கீசியர். ஓவியர் பயன்படுத்திய இரண்டு பெயரும் தாயுடையவை. அந்தக் காலத்தில் விதி இறுகவில்லை, மதிப்புள்ள பெயரையோ சொத்து வந்த பக்கத்தின் பெயரையோ எடுத்துக்கொள்வார்கள். இன்றும் ஸ்பெயினில் 1999 சட்டத்துக்குப் பிறகு தாய்ப்பெயரை முன்னே வைக்கலாம். திருமணத்தால் பெண்ணின் பெயர் மாறாது.

#11 மரபுவேர்

யாராவது ஒரு கியூப வல்தேஸின் வேரை உண்மையாகவே தேட நினைத்தால் வேலை இப்படிப் போகும்.

இன்றிலிருந்து பின்னோக்கித்தான் போக வேண்டும். ஆயரிலிருந்து கீழே இறங்கினால் எங்கும் சேர மாட்டீர்கள். கியூபாவில் குடிமைப் பதிவு தொடங்கியது 1885ல் (ஸ்பெயினில் 1871). அதற்குப் பிந்தைய பிறப்புச் சான்றில் முழுநகலையே கேளுங்கள். சுருக்கப் படிவத்தில் பெற்றோர் பெயரோடு நின்றுவிடும். முழுநகலில் தாத்தா பாட்டி நால்வரும் வருவார்கள். தந்தைவழித் தாத்தா பாட்டி இடத்தில் "சே இக்னோரான்", அதாவது "தெரியவில்லை" என்று இருந்தால், அல்லது அந்த வரியே இல்லாவிட்டால், அது முதல் தடயம். பெயருக்குப் பின் எஸ்.ஓ.ஏ. என்று மூன்று எழுத்து இருந்தால் "வேறு குடும்பப்பெயர் இல்லை" என்று பொருள். அதை மூன்றாவது பெயர் என்று நினைத்துத் தட்டச்சு செய்த பட்டியல்கள் இருக்கின்றன.

1885க்கு முன் தேவாலயப் பதிவுகள்தான். வெள்ளையருக்கு ஒரு புத்தகம், "பார்தோ, மொரேனோ" (கலப்பினத்தவர், கறுப்பினத்தவர்) என்று குறிக்கப்பட்டவர்களுக்கு ஒரு புத்தகம். ஒன்றில் கிடைக்கவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள், இரண்டையும் பாருங்கள். ஒரே குடும்பத்தின் இரு பிள்ளைகள் இரு புத்தகத்திலும் இருக்கக்கூடும். ஓரக்குறிப்புகளை விடாதீர்கள். பின்னால் பெற்றோர் ஏற்றுக்கொண்டது, பெயர் மாற்றம் எல்லாம் ஓரத்தில்தான் வரும்.

"எக்ஸ்போசிதோ" அல்லது "ரெயால் காசா கூனா" என்றிருந்தால் இல்லத்துக் குழந்தை. "ஈஹோ நாத்துரால்" என்றால் பொருள் வேறு: திருமணமாகாத பெற்றோரின் பிள்ளை, பெரும்பாலும் தாய் யாரென்று தெரியும். இந்த இரண்டையும் ஒன்றாக மொழிபெயர்த்துவிட்டால் அடுத்த படி முழுக்கத் தவறிப்போகும். வல்தேஸ் இ வல்தேஸ் என்று இரட்டையாக வந்தால் பெற்றோர் இருவருமே வல்தேஸாக இருக்கலாம், தாய் மட்டும் பதிந்த குழந்தையாகவும் இருக்கலாம். சான்றைப் பார்க்காமல் முடிவு செய்ய முடியாது.

குடும்ப மரபுப் பதிவுகளைத் தேட உதவும் ஃபேமிலிசர்ச் தளத்தில் தேடும்போது முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் பதில் கேள்விக்குறி போடுங்கள், பிழைதிருத்தி சொன்ன நான்கு வடிவங்களும் ஒரே தேடலில் வந்துவிடும். ஸ்பெயின் புள்ளியியல் நிறுவனத் தளத்தில் குடும்பப்பெயர் எந்த மாகாணத்தில் எத்தனை பேருக்கு என்று பார்க்கலாம். நாடு முழுதும் 20 பேருக்குக் குறைவான பெயர்களை அது காட்டாது. அது இன்றைய நிலவரம் மட்டுமே, 18ஆம் நூற்றாண்டுக்குச் சான்றாகக் காட்டக் கூடாது.

காசா கூனா பதிவை எட்டிவிட்டால் பெரும்பாலும் காகிதம் அங்கே முடிந்துவிடும். அதற்கு மேல் மரபணுப் பரிசோதனைதான். அப்போதும் ஆண்வழி மரபணு பொருந்துகிறவர் வேறு குடும்பப்பெயரோடு இருப்பார். முடிவு தவறு என்று சிலர் பதறுகிறார்கள். பெயர் இல்லத்தில் கொடுக்கப்பட்டது என்றால் அப்படித்தான் வர வேண்டும்.

#12 நெய்தல்திசை

பிலிப்பைன்ஸில் இசட் போட்ட வல்தெஸ் நிறைய. அங்கே வழி வேறு: 1849 நவம்பரில் ஆளுநர் கிளவேரியா குடும்பப்பெயர்ப் பட்டியல் ஒன்றை மாகாணங்களுக்கு அனுப்பி, பெயரில்லாதவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஆணையிட்டார். ஸ்பானியப் பெயர் இருப்பதால் ஸ்பானிய மூதாதை என்று சொல்ல முடியாது. கொலம்பியக் காப்பி விளம்பரத்தின் ஹுவான் வல்தெஸ் 1958ல் உருவாக்கிய கற்பனைப் பாத்திரம், அவருக்கும் இசட்தான்.

#13 குறிப்புத்தாள்

அடிக்குறிப்பு இப்படி மாறுகிறது:

"வல்தேஸ்: அஸ்தூரியாஸின் இடப்பெயரிலிருந்து வந்த ஸ்பானியக் குடும்பப்பெயர். ஹவானாவில் ஆயர் ஹெரோனிமோ வல்தேஸ் தொடங்கிய காசா கூனாவில் விடப்பட்ட குழந்தைகள் அனைவருக்கும் இப்பெயர் சூட்டப்பட்டதால் கியூபாவில் பரவலானது. அஸ்தூரியக் குடியேற்றம், அடிமைமுறை ஆகிய வழிகளிலும் வந்திருக்கிறது. பெயரை மட்டும் கொண்டு ஒருவரின் மரபை அறிய இயலாது."

#14 சுவடிக்கண்

நன்றாக இருக்கிறது. "தொடங்கிய" என்பதற்கு முன் "18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்" என்று சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் 1841 ஆளுநர்தான் இல்லத்தைத் தொடங்கினார் என்று யாராவது திருத்திவிடுவார்கள்.

#15 குறிப்புத்தாள்

சேர்த்தாயிற்று.